கண்காணிப்புக் கருவிகளைத் துப்பறியும் இன்டர்ன்ஷிப்: கீழக்கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

சர்வாதிகார அரசுகள் தம் மக்களை எந்தக் கருவி கொண்டு கண்காணிக்கின்றன, அதைச் செய்து கொடுத்தது யார், காசு எங்கிருந்து வந்தது என்று தோண்டி எழுதும் செய்திக்குழுக்கள் உலகில் சில உண்டு. அப்படி ஒன்றில், கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடியே இன்டர்ன்ஷிப் செய்தேன். அதிலிருந்து ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் "லாத்தா, நாங்களும் சேரலாமா? ஹேக்கிங் தெரியணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஹேக்கிங் வேண்டாம். அடுத்தவர் கணினிக்குள் நுழைவது குற்றம். இந்த வேலை அது இல்லை. பொதுவெளியில் கிடக்கும் காகிதங்களை அலுக்காமல் படிக்கத் தெரிய வேண்டும். கிழிந்த வலையை மடியில் போட்டுக் கண்ணி கண்ணியாகப் பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை வரும்.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, உங்கள் சொந்தக்காரர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். சென்னையிலோ டெல்லியிலோ இருந்து விண்ணப்பிக்கிற பலருக்கு இது தோன்றாது. நம் பக்கம் சபர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆள் இல்லாத வீடு அபூர்வம். துபாயில் காக்கா (அண்ணன்), ஷார்ஜாவில் மச்சான், அபுதாபியில் மாமா. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அந்த அழைப்புகளைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் எந்தச் செயலியில் குரல் கேட்கிறதோ அதைத் தேடித்தேடி இறக்குவதே நம் வீடுகளின் வழக்கம். 2019-ல் 'டோடாக்' என்ற செயலி இலவசமாக வீடியோ அழைப்பு தந்து வேகமாகப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில், அது அமீரக அரசின் உளவுக் கருவி என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆப்பிளும் கூகுளும் அதைத் தங்கள் கடைகளிலிருந்து எடுத்தன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. பேரன் முகத்தைப் பார்க்கத் தவிக்கும் உம்மாமார்களின் ஏக்கத்தையே ஒரு அரசு வழியாக்கிக்கொள்ளும் என்ற எண்ணம் என்னைத் தூங்க விடவில்லை. இந்த வேலைக்கு நான் வந்தது அதனால்தான்.

ஆனாலும் அமீரகத்தைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. காக்காவின் விசா அங்கே இருக்கிறது. முதல் பேச்சிலேயே ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்டார். நீங்களும் சொல்லுங்கள். தயங்குகிற ஆசிரியர் என்றால் அந்த இடம் வேண்டாம். அகமது மன்சூரின் கதையை அறிந்தால் இது கோழைத்தனமாகத் தெரியாது. அமீரகத்து மனித உரிமைக்காரரான அவருக்கு 2016 ஆகஸ்டில் சந்தேகமான இணைப்புகள் குறுஞ்செய்தியில் வந்தன. அவர் தொடாமல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபுக்கு அனுப்பினார். பெகாசஸ் உளவு மென்பொருள் ஐபோனுக்குள் நுழையும் வழி அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆப்பிள் அதே மாதம் ஓட்டையை அடைத்தது. நம் கையில் இருக்கும் போன்களுக்கும் அவர் நன்மை செய்தார். அவரோ 2017 மார்ச்சில் கைதாகி, 2018-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

விண்ணப்பத்தோடு உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட, நீங்களே சரிபார்த்த ஒரு விஷயத்தை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பயிற்சிக்கு ஊரிலேயே சரக்கு இருக்கிறது. 'பாம்பனில் இன்று புயல்' என்று ஒரு வீடியோ சுற்றுகிறதா? எடுத்தவர் சாலைப் பாலத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்று பாருங்கள். பழைய ரயில் பாலத்தின் தூக்கு இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழும்படி கட்டியது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக ஏறும். ரயில் பாலம் முழுதும் தெரிகிற கோணத்தில் அந்தக் கோபுரங்கள் இல்லையென்றால் 'இன்று' என்பது பொய். படகுப் படம் வந்தால் பக்கவாட்டில் எழுதிய பதிவு எண்ணைப் படியுங்கள். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் பலவற்றில் 'டிஎன் 10' இருக்கும். நிழல் விழும் திசையை வைத்து நேரத்தைக் கணியுங்கள். எந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள், எது இன்னும் உறுதியாகவில்லை என்று வரிசையாக எழுதுங்கள்.

பெரிய புலனாய்வுகளும் இந்த அடிப்படையில்தான் நின்றன. செய்தியாளர் மேகா ராஜகோபாலனுக்குச் சீனா விசா தர மறுத்துவிட்டது. அவரும், கட்டடக் கலைஞர் அலிசன் கில்லிங்கும், நிரலர் கிறிஸ்டோ புஷெக்கும் வெளியில் இருந்தபடியே, சீனா உய்குர் முஸ்லிம்களை அடைத்துவைத்த ஷின்ஜியாங் பகுதித் தடுப்பு முகாம்களைத் தேடினார்கள். சீனாவின் பைடு வரைபடத்தில் முகாம் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கினால் அந்தச் சதுரம் வெறுமையாகிவிடுவதைக் கவனித்தார்கள். மறைத்த சதுரங்களையெல்லாம் திரட்டி, மற்றச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, 2017-க்குப் பிறகு எழுந்த 260-க்கும் மேற்பட்ட வளாகங்களை அடையாளம் கண்டார்கள். கஜகஸ்தானுக்குத் தப்பி வந்தவர்களின் வாக்குமூலமும் சேர்ந்தது. 2021-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மறைத்த கையே இடத்தைக் காட்டிக்கொடுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சேர்ந்த பிறகு முதலில் கைவர வேண்டியது சேமிப்பு. 2020-ல் ஐபிவிஎம் என்ற கண்காணிப்புக் கேமரா ஆய்வு நிறுவனம், சீன நிறுவனமான ஹுவாவேயின் வலைத்தளத்திலேயே ஒரு சோதனை அறிக்கையைக் கண்டெடுத்தது. மெக்வி நிறுவனத்தின் முகமறி மென்பொருள் உய்குர் இனத்தவர் முகம் தெரிந்தால் எச்சரிக்கை அனுப்புகிறதா என்று 2018-ல் சோதித்த அறிக்கை அது. விளக்கம் கேட்டதும் அந்தக் கோப்பு தளத்திலிருந்து மறைந்தது. முன்பே நகல் எடுக்காமல் இருந்திருந்தால் செய்தியே இல்லை. ஆகவே ஒரு பக்கத்தைப் பார்த்த அந்த நிமிடமே, வலைப்பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள். கோப்பையும் தனியே இறக்குங்கள். முகவரி, தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு அட்டவணையில் குறியுங்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், குறித்த பிறகு நீங்கள் திருத்தவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கேள்வி கேட்பது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

அன்றாட வேலை பெரும்பாலும் டெண்டர் அறிவிப்பு, விற்பனைக் கையேடு, சுங்கப் புள்ளிவிவரம் படிப்பது. கூகுள் மொழிபெயர்ப்பில் கருத்து பிடிபடும். ஆட்பெயர், நிறுவனப் பெயர், பதவி மூன்றையும் அந்த மொழிக்காரர் ஒருவர் பார்க்காமல் எழுதாதீர்கள். படிக்கும்போது எதைத் தேடுவது? ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2019-ல் ஷின்ஜியாங் போலீஸ் செயலி ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது, மின்சாரம் அளவுக்கு மேல் செலவழிப்பவரையும், அண்டை வீட்டாரோடு பழகாதவரையும், முன்வாசல் வழியே அதிகம் போகாதவரையும்கூட அது சந்தேகப் பட்டியலில் சேர்த்தது தெரிந்தது. படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அரசு எதற்குப் பயப்படுகிறது என்பது அங்கே எழுதியிருக்கும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில உண்டு. இந்த வேலைக்குத் தனி போன், தனி மின்னஞ்சல். சிக்னல் செயலியில் தானாக அழியும் செய்திகள். ஐபோன் என்றால், உளவு மென்பொருள் நுழையும் வழிகளைக் குறைக்கும் லாக்டவுன் மோட். அந்த நாட்டுக்குள் இருப்பவரை நீங்களாக ஒருபோதும் அழைக்காதீர்கள். எப்போது, எதில் பேசுவது என்பதை அவரே சொல்லட்டும், அதுவும் ஆசிரியருக்குத் தெரிந்து நடக்கட்டும். அவர் பெயர் உங்கள் லேப்டாப்பில் இருக்கவே கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமைக்காகக்கூட மூச்சு விடக் கூடாது. அந்தக் குழுவில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். வீட்டில் வாப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கரண்டும் நெட்டும் போகும். கடவுச்சொல்லால் பூட்டிய நகல் ஒன்றைப் பென்டிரைவில் வையுங்கள், கெடு நாளுக்கு முந்தைய இரவை நம்பாதீர்கள். சம்பளம் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முகாமிலிருந்து வந்தவர்களின் வாக்குமூலங்களைத் தொடர்ந்து படித்தால் நெஞ்சு கனக்கும். ஆசிரியரிடம் சொல்லி இரண்டு நாள் அட்டவணை வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

முடிக்கும் வாரத்தில் எல்லாக் கோப்புகளையும் அட்டவணையோடு ஒப்படைத்து, உங்கள் பக்கத்து நகல்களை அழித்ததை எழுத்தில் தெரிவியுங்கள். சான்றிதழில் 'ஆவண ஆய்வு' என்று மட்டும் போட்டால் போதும், எந்த நாடு, எந்தச் செய்தி என்று வேண்டாம் என்று கேளுங்கள். நாளைக்கு நீங்களே சபர் போக நேரலாம்.