கேம் பெட்டி சூடாகி நின்றுபோனால்: சால்டரை மறுபடி உருக்கும் வேலை

"இந்தக் குளிரில் மெஷின் எப்படிண்ணா சூடாகும்?" ஊட்டி மார்க்கெட் பக்கம் உள்ள என் கடைக்குப் பழைய வீடியோ கேம் பெட்டியோடு வரும் பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் டி.வி. மெக்கானிக்காகத் தொழில் தொடங்கியவன். எனக்கே இது புரிய நாளாயிற்று.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைவு. அதைவிடப் பெரிய வினை குளிர். தை மாதத்தில் ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தலைக்குந்தாவில் விடிகாலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அங்கே ராத்திரி முழுக்க வெறும் தரையில் கிடந்த பெட்டியை ஆன் செய்தால், சில்லென்றிருந்த சிப் சில நிமிஷத்தில் 70, 80 டிகிரிக்குப் போய்விடும். சூட்டில் போர்டு விரியும் அளவு, சிப்பில் உள்ள சிலிக்கான் விரிவதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சால்டர் உருண்டைகள், அதாவது சிப்பைப் போர்டோடு பற்றவைத்திருக்கும் உலோக உருண்டைகள், தினமும் இந்த இழுபறியைத் தாங்கித் தாங்கி ஒருநாள் விரிசல் விடும். ஆக, வெறும் சூடு மட்டும் கெடுப்பதில்லை. சூடும் குளிரும் மாறி மாறி வருவதுதான் கெடுக்கிறது.

2006 ஜூலையில் ஐரோப்பாவில் எலக்ட்ரானிக் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தச் சமயத்தில் பல தயாரிப்பாளர்கள் காரீயம் இல்லாத சால்டருக்கு மாறினார்கள். காரீயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த புதியது உருக 217 டிகிரி வேண்டும். எவ்வளவு சூடு காட்ட வேண்டும் என்று தெரிய, இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டி நின்றுவிட்டது. உடனே, சால்டரை உருக்கச் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னை எடுக்காதீர்கள். முதலில் திறந்து பாருங்கள். நட்சத்திர முனை உள்ள டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவரில் டி8, டி10 அளவு இரண்டும் இருந்தால் பெரும்பாலும் போதும். போன மாதம் தலைக்குந்தாவிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த பெட்டியில், சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி நூல் படிந்து, துணி நெய்தது போல ஒரு படலமே இருந்தது. பக்கத்தில் விறகடுப்பு. பெட்டியை வைத்திருந்ததோ போர்வை மேல். தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே காய்ந்து சுண்ணாம்பாகிப் போன தெர்மல் பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகப் போட்டாலே பாதிப் பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகும் படம் கோடு கோடாக வந்தாலோ, சூடானதும் நின்று ஆறியதும் எழுந்தாலோ மட்டும் சால்டர் பக்கம் போகலாம். அந்தத் தம்பியின் பெட்டி அப்படித்தான் செய்தது.

வேலைக்கு முன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். காசு வாங்குவதற்கு முன்னாலேயே நான் இதைச் சொல்லிவிடுவேன். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற தன் கேம் பெட்டியின் சிவப்பு விளக்குக் கோளாறுக்கு வாரன்டியை 3 வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பல வருடம் கழித்து அந்த நிறுவனத்தாரே காரணத்தைச் சொன்னார்கள். உடைந்தது சிப்புக்கு அடியில் உள்ள பெரிய உருண்டைகள் இல்லை, சிப்பின் உள்ளேயே இருக்கும் நுண்ணிய இணைப்புகள்தான் என்றார்கள். உள்ளே உடைந்திருந்தால் நாம் வெளியே காட்டும் சூட்டில் அது விரிந்து கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவே. உடைந்தது வெளி உருண்டை என்றால் அதிக நாள் ஓடும். எது உடைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த வேலையில் கிடைப்பதை அவகாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் முதல் வேலை ஈரத்தைப் போக்குவது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் இடம் இது; போர்டும் சிப்பும் ஈரத்தைக் குடித்திருக்கும். அப்படியே 200 டிகிரிக்கு ஏற்றினால் உள்ளே ஆவி கிளம்பி, போர்டு அப்பளம் போலக் கொப்புளிக்கும். நான் ஒரு தகரப் பெட்டியில் 60 வாட் குண்டு பல்பைப் போட்டு, கோழிக்குஞ்சுக்குச் சூடு வைப்பதைப்போல ஒரு ராத்திரி முழுக்கப் போர்டை வைத்துவிடுவேன். அதற்கு முன் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சூட்டில் வெடிக்கும்.

மறுநாள் போர்டை நான்கு ஓரமும் சமமாகத் தாங்கும்படி வையுங்கள். நடுவில் தொய்ந்தால் உருகும்போது அப்படியே வளைந்து நின்றுவிடும். சிப் உள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அலுமினியத் தாளை மூன்று நான்கு மடிப்பாக மடித்து மூடுங்கள். உருளை கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 105 டிகிரிக்குச் செய்தவை. அவற்றைச் சுற்றி நன்றாக மூட வேண்டும். சால்டர் நன்றாக ஒட்ட உதவும், கழுவத் தேவையில்லாத திரவ ஃப்ளக்ஸைச் சிப்பின் ஓரத்தில் விட்டு, போர்டைச் சாய்த்து அடியில் ஓட விடுங்கள். மல்டிமீட்டரின் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் முனையைச் சிப்பின் ஓரத்தில், சூடு தாங்கும் காப்டான் டேப்பால் ஒட்டுங்கள். கன்னில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அது காற்றின் சூடு, சிப்பின் சூடு இல்லை.

புகை மூச்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். ஆனால் இங்கே ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று நேராகப் போர்டில் அடிக்கும். நான் மேசையின் இரண்டு பக்கமும் அட்டையை நிறுத்தி மறைத்துக்கொள்வேன்.

முதலில் போர்டின் அடியிலிருந்து சூடு காட்டுங்கள். ஒரு விநாடிக்கு ஒன்று, இரண்டு டிகிரி வீதம் 150 வரை ஏறட்டும். ஊட்டிக் குளிரில் இது அதிக நேரம் பிடிக்கும். பொறுமை போய் கன்னின் சூட்டைக் கூட்டினால் சிப் கருகும். அப்புறம் மேலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். 180-இல் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிறுத்துங்கள். ஃப்ளக்ஸ் வேலை செய்வது அப்போதுதான். பிறகு 217-ஐத் தாண்டி 235 வரை. 217-க்கு மேலே மொத்தம் ஒரு நிமிஷம் போதும்.

உருகியதா என்று அறிய சிப்பைத் தொடாதீர்கள். பக்கத்தில் நொய்யரிசி அளவில் ஒரு கெப்பாசிட்டரை மூடாமல் விட்டு வையுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாக இருந்த அதன் சால்டர் திடீரென்று பாதரசம் போலப் பளபளக்கும். ட்வீஸர் முனையால் மயிரிழை அளவு நகர்த்திவிட்டால் தானே பழைய இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும். அது திரும்பி வந்தால் சிப்புக்கு அடியிலும் உருகியிருக்கும் என்று கொள்ளலாம். கன்னை மெல்ல மேலே தூக்கி அணையுங்கள். அரை மணி நேரம் மேசையை யாரும் ஆட்டக் கூடாது. ஊதவும் கூடாது, ஃபேனும் வைக்கக் கூடாது.

சமையலறை ஓவனில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வர்க்கி சுடும் பேக்கரி அடுப்பில் வைக்கட்டுமா என்றுகூட ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அதில் முழு போர்டும் வேகும், பிளாஸ்டிக் இளகும், அந்தப் புகை படிந்த அடுப்பில் பிறகு உணவு சமைக்கக் கூடாது.

ஆறியதும் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்க்கை எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். மூடியில்லாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருந்தால் கை அந்தப் பக்கம் போகவே கூடாது.

ஓடுகிறதா? உடனே சேவ் செய்த ஆட்டங்களைப் பென் டிரைவில் எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. தலைக்குந்தா தம்பியின் அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். போவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஆடி, பாதியில் நிற்கும் கிரிக்கெட் டோர்னமென்ட் ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. தம்பி கேட்டது அதை மட்டும்தான். அது பென் டிரைவில் ஏறி முடியும் வரை நானும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

இனிப் பெட்டியை வெறும் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கச் சொன்னேன். காற்று மழையில் கற்பூர மரம் விழுந்து கரண்ட் போனால், சிப் கொதிக்கும்போது ஃபேன் நின்றுவிடும். அதனால் மழை நாளில் யு.பி.எஸ். இல்லாமல் ஆட வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் மெனுவில் ஐந்து நிமிஷம் விட்டு அணைக்க வேண்டும்.

மறுபடி நின்றால் என்னிடம் கொண்டு வா, ஆனால் நான் இன்னொரு முறை சூடு காட்ட மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு சூட்டிலும் போர்டு பலவீனமாகும். அடுத்தது சிப்பையே மாற்றும் வேலை. அதற்கு, போர்டின் அடியிலிருந்து சூடு தரும் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.