பவர் டார்ச்சைக் கழற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்: நீலகிரியிலிருந்து சில குறிப்புகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருட்டிவிட்டால் டார்ச் இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. தேயிலைப் புதர் ஓரமாகக் கரடி நிற்கும், சாலை வளைவில் காட்டெருமை நிற்கும். அதனால் நல்ல டார்ச் என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரு பிடிப்பு. சிலருக்கு அதைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. மூன்று நான்கு லித்தியம் செல் போடும் பெரிய டார்ச்சை வாங்கி, ஸ்ப்ரிங்கை மாற்றி, எல்.இ.டி.யை மாற்றி, எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று பார்ப்பது அருமையான பொழுதுபோக்கு. ஆனால் மலையில் செய்கிற சோதனை உங்கள் டார்ச்சைப் பற்றி நல்லதாகவே சொல்லும். அதை அப்படியே நம்பிவிடுவதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் சூடு. ஜனவரி இரவில் ஊட்டியில் டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் கைக்கு இதமாகத்தான் இருக்கும். "என் டார்ச் சூடே ஆவதில்லை" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது கவலைப்பட வேண்டிய விஷயம். எல்.இ.டி.யில் பிறக்கும் சூடு அதன் அடியில் உள்ள செப்புத் தகடு வழியாக, தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) வழியாக அலுமினிய உடம்புக்கு வந்தாக வேண்டும். பேஸ்ட்டை அப்பி வைத்திருந்தாலோ, தகட்டின் திருகு சரியாக இறுகாமல் இருந்தாலோ, உடம்பு குளிர்ந்தே இருக்கும், உள்ளே எல்.இ.டி. வெந்துகொண்டிருக்கும். பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். சோதனையைக் காற்று வீசாத அறைக்குள் செய்யுங்கள். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை ஓரிடத்தில் அசையாமல் வைத்து, டார்ச்சைப் போட்டதும் ஒரு அளவு, 30 விநாடி கழித்து ஒரு அளவு, அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று எனக் குறித்துக்கொள்ளுங்கள். டார்ச் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும் வகையாக இல்லாமல், உடம்பு சூடாவதற்கு முன்பே அளவு மளமளவென்று இறங்கினால், சூடு வெளியே வரும் வழி சரியில்லை. மலையடிவார மேட்டுப்பாளையத்தின் ஏப்ரல் வெக்கையிலும் தாக்குப்பிடிக்கும் டார்ச்தான் நன்றாக மாற்றியமைத்த டார்ச்.

செல்லில் செய்யும் தவறுகள் இதைவிட ஆபத்தானவை. பெரிய டார்ச்சின் செல் கூட்டில் எல்லா பிளஸ் முனையும் ஒரே பக்கம் பார்த்தால் அது பெரும்பாலும் பேரலல் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ந்த பக்க இணைப்பு), மாறி மாறிப் பார்த்தால் சீரீஸ் (ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த தொடர் இணைப்பு). சீரீஸில் ஒரு செல் மட்டும் பலவீனமாக இருந்தால் அது முதலில் காலியாகிவிடும். மற்ற செல்கள் விடாமல் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும். காலியான செல் தலைகீழாகச் சார்ஜ் ஏறி, சூடாகி, புகை கக்கும் நிலைக்குப் போகலாம். டார்ச் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் வெளியே தெரியாது. எனவே ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒன்றாக வாங்கிய செல்களை ஒரு செட்டாக வைத்துக்கொண்டு, ஒன்றாகவே சார்ஜ் போட்டு ஒன்றாகவே பயன்படுத்துங்கள். போடும் முன் மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். செல்லுக்குச் செல் வித்தியாசம் 0.05 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் வரம்பு.

பேரலல் என்றால் கவலை இல்லை என்று நினைப்பதும் தவறு. 4.2 வோல்ட் உள்ள செல்லையும் 3.5 வோல்ட் உள்ள செல்லையும் சேர்த்துப் போட்டால் நடுவே 0.7 வோல்ட் வித்தியாசம். இரண்டின் உள்தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஸ்விட்சைத் தொடாமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 7 ஆம்பியர் பாயும். ஒரு செல்லைத் திருப்பிப் போட்டுவிட்டால் நேரடி ஷார்ட். திருப்பிப் போட்ட செல்லின் தட்டை அடி தொடாமல் தடுக்கத்தான் பல கூடுகளில் பிளஸ் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் மேடு வைத்திருக்கிறார்கள். தட்டை முனை செல் தொடவில்லை என்று அங்கே காந்த வில்லையை வைப்பதும், ஈயத்தை உருக்கிக் குமிழ் வைப்பதும் அந்தப் பாதுகாப்பைப் பிடுங்கி எறிகிற வேலை. காந்தம் கொஞ்சம் நகர்ந்தால் அதுவே ஷார்ட் ஆகும். குமிழ் முனை வைத்த செல்லாகக் கேட்டு வாங்குங்கள்.

18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) அளவு லித்தியம் செல் ஒன்றை எடுத்து அதன் பிளஸ் பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் உருளை முழுவதும் மைனஸ். பிளஸ் முனைக்கும் அந்த மைனஸ் விளிம்புக்கும் இடையில் ஒரு மெல்லிய வளையம்தான் தடுப்பு. உறை அந்த விளிம்பில் கிழிந்திருந்தால் செல் டார்ச்சுக்குள் போகவே கூடாது. புதிய ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்குவது ஐந்து நிமிட வேலை. அதேபோல, கொள்ளளவு 9900 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சடித்த 18650 செல்லைத் தொடாதீர்கள். நல்ல கம்பெனி செல்லே 3500 சுற்றித்தான் வருகிறது.

உறைபனிக் காலத்தில் இன்னொரு விஷயம் உண்டு. ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் இரவெல்லாம் ஜீப்பில் கிடந்த செல்லைக் காலையில் எடுத்த கையோடு சார்ஜரில் போடுவார்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படியும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது, ஆனால் செல் கெட்டதுதான். அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஸ்ப்ரிங்குக்கு இணையாகச் செப்பு ஒயரைச் சால்டர் செய்வது எல்லோரும் முதலில் செய்யும் மாற்றம். செல்லுக்கும் எல்.இ.டி.க்கும் நடுவே உள்ள டிரைவர் போர்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற வகையாக இருந்தால் அதனால் பெரிய பலன் இல்லை. செல்லிலிருந்து நேரே எல்.இ.டி.க்குத் திறந்துவிடும் வகையாக இருந்தால், அந்த ஸ்ப்ரிங்கின் தடைதான் இத்தனை நாள் மின்னோட்டத்தை அடக்கி வைத்திருந்தது. அதை எடுத்த பிறகு செல் அவ்வளவு ஆம்பியரைத் தாங்குமா என்று பார்க்காமல் விடக்கூடாது. பார்க்கும்போது சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை நம்ப வேண்டாம். அதன் மெல்லிய ஒயரே தடையாகி அளவைக் குறைத்துக் காட்டும், தாண்டினால் ஃப்யூஸ் போகும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரும் (ஒயரைச் சுற்றிக் கவ்வி அளப்பது) தடித்த ஒயரும் வேண்டும்.

தூரத்தைக் கண்ணால் அளப்பது வீண். மூடுபனியில் கற்றை தூண் மாதிரி நிற்கும், பார்க்கப் பிரமாதம். ஆனால் அது துளிகளில் பட்டுச் சிதறி உங்களிடமே திரும்பி வரும் வெளிச்சம். பனி இல்லாத நேரத்தில் 10 மீட்டரில் லக்ஸ் எடுங்கள். 400 லக்ஸ் வந்தால், தூரத்தின் வர்க்கமான 100 ஆல் பெருக்க 40,000 கேண்டலா, அதாவது கற்றையின் செறிவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் 400 மீட்டர், அதாவது வெளிச்சம் 0.25 லக்ஸாகத் தேயும் தூரம்; டார்ச் எட்டும் தூரம் என்று கணக்கில் எடுப்பது அதைத்தான். இதே கணக்கில் தூரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் கேண்டலா நான்கு மடங்காக வேண்டும். எல்.இ.டி. வாங்கும் முன் லக்ஸ் மீட்டர் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சோதனைக்காகக் காட்டை நோக்கி அடிக்காதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம், இரவில் அங்கே டார்ச் அடிக்கிறவரை வேட்டைக்காரர் என்றுதான் வனத்துறை நினைக்கும். காட்டெருமையின் கண்ணில் ஸ்ட்ரோப் (படபடவென்று விட்டு விட்டு மின்னும் வெளிச்சம்) அடித்து விரட்டப் பார்ப்பதும் வேண்டாம். கண் கூசிய மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. கற்றையைத் தரையில் போட்டுக்கொண்டு, அது விலகும்வரை நில்லுங்கள்.

வேலை முடிந்து பைக்குள் வைக்கும்போது வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். பைக்குள் ஸ்விட்ச் அழுந்தினால் இந்த டார்ச்சுகள் துணியைக் கருக்கிவிடும். தளர்த்திய பின் ஒருமுறை ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். மரையில் பூச்சு இல்லாத டார்ச் அப்போதும் எரியும். அப்படியானால் செல்களை வெளியே எடுத்துத் தனி டப்பாவில் வையுங்கள்.