ப்ளூபேர்டுக்குப் பெட்டி செய்கிறீர்களா? குச்சி வைக்காதீர்கள்

நான் செய்த முதல் கூட்டுப்பெட்டியில், வாசல் துளைக்குக் கீழே சுண்டுவிரல் கனத்தில் ஒரு குச்சியைச் செருகி வைத்திருந்தேன். வருகிற பறவை உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போகட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஏப்ரலில் அந்தக் குச்சியில் வந்து உட்கார்ந்தது ஒரு சிட்டுக்குருவி. ப்ளூபேர்ட் ஜோடி பக்கத்து மின்கம்பியில் இரண்டு நாள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது.

நான் இருப்பது வட கரோலினாவில். ப்ளூபேர்ட் வட அமெரிக்காவுக்கே உரிய பறவை, பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்கு, மேற்கு, மலை என மூன்று வகை உண்டு. எங்கள் பக்கம் வருவது கிழக்கு வகை. முதுகு நீலம், மார்பு செங்கல் நிறம். பொந்தில்தான் கூடு கட்டும், ஆனால் பொந்து குடையும் அலகு அதற்குக் கிடையாது. மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்தில் குடித்தனம் வைக்கிற பறவை அது. பட்ட மரங்களை மனிதர்கள் வெட்டித் தள்ளினார்கள். மிச்சமிருந்த பொந்துகளை, 1850களில் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய சிட்டுக்குருவியும், 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் திறந்துவிடப்பட்ட ஸ்டார்லிங் என்ற பறவையும் பிடித்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ப்ளூபேர்டின் எண்ணிக்கை மிகவும் குறைந்துபோனது. 1978இல் லாரன்ஸ் ஜெலனி என்பவர் வட அமெரிக்க ப்ளூபேர்ட் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பறவை மீண்டு வந்ததில் ஊர் ஊராக மரப்பெட்டி வைத்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் பெட்டி என்பது பொந்துக்கு மாற்று. நாம் செய்கிற தவறுகளில் பாதி, அதைக் குட்டி வீடாக நினைப்பதால் வருகிறது. திண்ணை, குச்சி, ஜன்னல், சிவப்புப் பெயின்ட் எதுவும் அந்தப் பறவை கேட்டதில்லை. மரத்தண்டைப் பற்றி நிற்பதுபோல முன்பலகையையே நகத்தால் பற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். குச்சி வைத்தால் வேண்டாதவர்களுக்குத்தான் வசதி.

துளையின் அளவில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கிழக்கு வகைக்குச் சரியாக ஒன்றரை அங்குல விட்டம். அந்த அளவில் ஸ்டார்லிங் நுழையாது. கொஞ்சம் பெரிதானால் நுழைந்துவிடும். ஆனால் சிட்டுக்குருவியை ஒன்றரை அங்குலம் தடுக்காது. நம்மூரில் மார்ச் 20 அன்று சிட்டுக்குருவி தினம் கொண்டாடி அதற்குப் பெட்டி கட்டித் தருகிறோம். இங்கே அதே குருவி பெட்டிக்குள் புகுந்து ப்ளூபேர்டின் முட்டையை உடைக்கும், அடைகாக்கும் தாயையே தலையில் கொத்திக் கொன்றும் போடும். புல், இறகு, காகிதம், பிளாஸ்டிக் என்று கண்டதையும் திணித்துக் கட்டிய கூடு தெரிந்தால் அது சிட்டுக்குருவியுடையது. எடுத்துப் போட்டுவிட வேண்டும். முதல் தடவை எனக்குக் கை வரவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் பாதுகாப்பு இல்லை. மற்றபடி தகைவிலான், சிக்கடி, ரென் என எந்த உள்நாட்டுப் பறவை கூடு கட்டினாலும் தொடக்கூடாது, சட்டப்படி குற்றம். எடுப்பதற்கு முன் யாருடைய கூடு என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். கடையில் 1x6 என்று விற்கிற பலகை நிஜத்தில் முக்கால் அங்குலக் கனம், ஐந்தரை அங்குல அகலம். இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம், எனக்குத் தெரியாது. ஆறு என்று நம்பித் தரைப்பலகையை வெட்டினேன். அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. வரைபடத்தை நம்பாமல் பலகையை டேப் வைத்து அளந்துவிட்டு ரம்பத்தைத் தொடுங்கள். உள்ளே தரை குறைந்தது 4க்கு 4 அங்குலம் இருக்க வேண்டும், 5க்கு 5 இன்னும் நல்லது.

சீடர் மரம் மழைக்கு நின்று உழைக்கும். பைன் மலிவு, சில வருடம் வரும். கெடாமல் இருக்க ரசாயனம் ஏற்றிய பலகை வேண்டவே வேண்டாம். வேலிக்கு விற்கிற மெல்லிய பலகையும் வேண்டாம்; முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் ஜூலை வெயிலில் உள்ளே அடுப்புதான். வெளியே வெளிர் நிறப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே எதுவும் பூசக்கூடாது.

அடுத்த தவறு நல்ல தச்சர்களும் செய்வது: உள்பக்கத்தை இழைத்து, உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று ஆக்கிவிடுவது. துளை தரையிலிருந்து சுமார் ஆறு அங்குல உயரத்தில் இருக்கிறது. பதினேழு, பதினெட்டு நாள் குஞ்சு அந்தச் சுவரில் தொற்றி ஏறித்தான் வெளியே வர வேண்டும். சீடர் பலகை பெரும்பாலும் ஒரு பக்கம் சொரசொரப்பாகவே வரும். அந்தப் பக்கத்தை உள்ளே வையுங்கள். இரண்டு பக்கமும் வழுவழுப்பு என்றால், துளைக்குக் கீழே ரம்பத்தால் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கீறிவிட்டால் போதும், ஏணிப்படி மாதிரி.

தரையின் நான்கு மூலைகளையும் லேசாக வெட்டிவிட்டால் தண்ணீர் வடியும். பக்கப்பலகைக்கு மேலே காற்றுக்குச் சின்ன இடைவெளி விடுங்கள். கூரை முன்பக்கம் மூன்று நான்கு அங்குலமாவது நீண்டிருக்கட்டும்: மழைச்சாரல் ஒரு காரணம், மேலே உட்கார்ந்து கைவிட்டுத் துழாவும் ரக்கூன் என்ற விலங்கு இன்னொரு காரணம்.

எல்லாப் பக்கமும் ஆணி அடித்து மூடிவிட்ட பெட்டியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உள்ளே பார்க்க முடியாத பெட்டியில் சிட்டுக்குருவி குடியேறினாலும் தெரியாது, எறும்பு ஏறினாலும் தெரியாது. ஒரு பக்கப்பலகை திறக்க வேண்டும். மேலே இரு ஓரத்திலும் ஒவ்வொரு ஆணி அடித்தால் பலகை ஊஞ்சல் மாதிரி வெளியே ஆடும். இரண்டு ஆணியும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் கதவு பாதியில் இறுகிக்கொள்ளும். என்னுடையது கால் அங்குலம் தப்பி, ஒவ்வொரு வாரமும் முட்டியால் தட்டித்தான் திறந்தேன். மற்ற இடங்களில் ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போடுங்கள். மரம் ஊறிச் சுருங்கும்போது ஆணி கழன்று வரும்.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், மரத்திலோ வேலிக் கம்பத்திலோ மாட்டினால் பாம்புக்கும் ரக்கூனுக்கும் பந்தி வைத்த மாதிரி. இங்குள்ள ரேட் ஸ்நேக் வகைப் பாம்புகள் மரத்தில் சரசரவென்று ஏறும். மின்கம்பி இழுக்கிற வழவழப்பான இரும்புக் குழாயை நட்டு, அதில் பெட்டியை ஐந்தடி உயரத்தில் வைத்து, கீழே பேஃபிள் மாட்டுங்கள். ஏழெட்டு அங்குல விட்டம், இரண்டடி நீளமுள்ள அடுப்புப் புகைக்குழாயின் மேல்வாயை மூடி, இரும்புக் குழாயைச் சுற்றித் தொங்கவிட்டால் அதுதான் பேஃபிள். ஏறி வருகிற பாம்பு அதற்குள் போய் முட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

ப்ளூபேர்ட் புல்தரையில் பூச்சி பிடிக்கிற பறவை, அதனால் இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். புதர் பக்கத்தில் வைத்தால் ரென் வரும். வந்தால் அக்கம்பக்கத்துக் கூடுகளின் முட்டைகளில் ஓட்டை போட்டுவிட்டுப் போகும். இரண்டு ப்ளூபேர்ட் ஜோடிகளுக்கு நடுவே நூறு கஜமாவது வேண்டும். தகைவிலான் தொல்லை இருக்கும் ஊரில் பதினைந்து இருபது அடி இடைவெளியில் பெட்டிகளை ஜோடியாக வைப்பார்கள். ஒன்றில் தகைவிலான் குடியேறினால் இன்னொரு தகைவிலானை அதுவே விரட்டும், ப்ளூபேர்டைச் சகித்துக்கொள்ளும்.

மனிதக் கை பட்டால் தாய் குஞ்சை விட்டுவிடும் என்ற பேச்சை நம்பி ஒதுங்கி நிற்க வேண்டாம். வாரம் ஒருமுறை கதவைத் தட்டி, தாய் பறந்ததும் திறந்து பார்க்கலாம். நாலைந்து வெளிர்நீல முட்டை, இரண்டு வார அடை. குஞ்சு பொரித்துப் பன்னிரண்டு நாள் ஆனபிறகு மட்டும் திறக்காதீர்கள். மிரண்டு, பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும்.

எங்கள் பக்கம் பிப்ரவரியிலேயே பெட்டி தயாராக இருக்க வேண்டும், ஜோடி அப்போதே வீடு பார்க்க வந்துவிடுகிறது. ஒரு பருவத்தில் இரண்டு ஈடு குஞ்சு பொரிக்கும், சில வருடம் மூன்று. முதல் ஈடு பறந்துபோனதும் பழைய கூட்டை எடுத்துவிடுங்கள். எடுத்ததைப் பெட்டிக்கடியிலேயே உதறாமல் குப்பைப் பையில் போடுங்கள், அந்த வாசனைக்கே ரக்கூன் வரும். போன வருடம் ஜூன் முதல் வாரம் சனிக்கிழமை நான் துடைத்து மூடினேன். செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தாய் வாயில் ஒரு பைன் ஊசியிலையோடு வாசலில் தொற்றிக்கொண்டிருந்தது.