குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: நீரிழப்பைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

"காலையிலிருந்து எட்டுத் தடவை போயிட்டான் டாக்டர்." பெரும்பாலான பெற்றோர் எண்ணிக்கையோடுதான் வருகிறார்கள். எட்டுத் தடவை போன குழந்தை தெம்பாக ஓடியாடும். நான்கே தடவை போனது துவண்டு கிடக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளம் குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் மஞ்சளாக, இளகலாகப் போவது பேதியே இல்லை. உடம்பில் எவ்வளவு நீர் வற்றியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சிடுசிடுப்பு, குழிவிழுந்த கண், டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கிற தாகம், கிள்ளிவிட்ட தோல் மெதுவாகச் சரியாவது: இவற்றில் இரண்டு இருந்தால் நீரிழப்பு வந்துவிட்டது. குழிவிழுந்த கண்ணோடு, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, குடிக்க முடியாமை, 2 விநாடிக்கு மேல் மடிந்தே நிற்கும் தோல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலே நிலைமை கடுமை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் தண்ணீர் என்று அழுத பிள்ளை கேட்பதை நிறுத்தியதும் 'தாகம் அடங்கிடுச்சு' என்று தூங்கவிடுவார்கள். குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் போயிருக்கலாம்.

தோலைக் கிள்ளிப் பார்க்கும் இடம் முக்கியம். கையிலோ கன்னத்திலோ பார்க்கக் கூடாது. தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவில், மடிப்பு உடலின் நீளவாக்கில் இருக்குமாறு, நகம் படாமல் இரு விரலால் ஒரு விநாடி தூக்கி விட வேண்டும். கொழுகொழு குழந்தைக்கு நீர் வற்றியிருந்தாலும் தோல் சட்டென்று படிந்துவிடும். மெலிந்த குழந்தைக்கு ஒன்றுமில்லாதபோதும் மெதுவாகத்தான் படியும். அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

'உச்சி விழுந்திருக்கு' என்று எண்ணெய் வைப்பதும், குடல் ஏற்றம் என்று தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் இன்னும் நடக்கிறது. உச்சிக்குழி பள்ளமாவது நீர் வற்றியதன் அடையாளம். அதற்கு மருந்து திரவம்தான். 'பல் முளைக்குது, அதான் போகுது' என்று காத்திருப்பதும் இதே ரகம்.

ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைப் பொடி) விஷயத்தில் பெரிய பிழை அளவு. சுமார் 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அதில் ஒரு ஸ்பூனை டம்ளரில் போட்டுக் கலக்குவதும், பால்பாட்டிலில் கொஞ்சம் கொட்டுவதும் ஆபத்து: உப்பு அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகலாம். முழு பாக்கெட்டையும், உறையில் அச்சிட்ட அளவு தண்ணீரில், ஒரே தடவையில் கரைக்க வேண்டும்; 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 2 வயதுக்குட்பட்டோருக்கு 50–100 மி.லி., அதற்கு மேல் 100–200 மி.லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடரலாம். பேதி நிற்கவில்லையே என்று இதை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது பேதியை நிறுத்துகிற மருந்து இல்லை. போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவது. அட்டைப்பெட்டிப் பழபானமும் சோடாவும் இதற்கு மாற்றாகா. சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் இன்னும் நீரை இழுக்கும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்; இட்லி, தயிர்சாதம் தரலாம். துத்தநாக (ஜிங்க்) மருந்து 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2–6 மாதத்துக்கு 10 மி.கி.; பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போடும் லோபரமைடு மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

சில வேளைகளில் இது சாதாரண வயிற்றுப்போக்கே இல்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை காலை மடக்கி வீரிட்டு அழுது, ஓய்ந்து, மறுபடி அழுகிறது; மலத்தில் சிவப்பு ஜெல்லி போல ரத்தமும் சளியும், பச்சை வாந்தியும் வருகின்றன. அது குடல் செருகலாக, அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொண்டதாக, இருக்கலாம். ஸ்கேன் எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் காத்திருந்தால் குடல் அழுகும்.

இன்னொன்று சிறுநீர். நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் குறைய வேண்டும். வாந்தி, வறண்ட நாக்கு, வேகமான மூச்சு எல்லாம் இருந்தும் நிறைய சிறுநீர் போனால், உடனே விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். முதல் வகை நீரிழிவு (டைப் 1 சர்க்கரை நோய்) பல பிள்ளைகளிடம் இப்படித்தான் முதலில் வெளிப்படுகிறது.