தண்ணீர் காய ஏன் இவ்வளவு நேரம்? ஓம், வாட் கணக்கு போட்டுப் பார்க்கலாம்

போன மார்கழியில் ஏற்காட்டிலிருந்து அக்கா போன் செய்தார். "டேய், ஹீட்டர் ராடு போயிருச்சுன்னு நினைக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆகுது ஒரு வாளி தண்ணி காய. வரும்போது புதுசு வாங்கிட்டு வா."

ஆயிரம் வாட் ராடு ஒன்று வாங்கி, சேலத்தில் எங்கள் வீட்டிலேயே முதலில் போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் குளிக்கிற சூடு வந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் அங்கே போட்டால், அதே முக்கால் மணி நேரம்! குற்றவாளியைக் கண்டுபிடிக்க வோல்ட் (கரண்டைத் தள்ளும் அழுத்தம்), ஆம்ப்ஸ் (ஆம்பியர், அதாவது ஓடும் கரண்டின் அளவு) என்ற இரண்டு எண்கள் போதும்.

சூத்திரம் இரண்டே இரண்டு:

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

மின்தடை என்றால் இங்கே கரண்ட் கட் அல்ல, கரண்ட் ஓட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு. முதல் சூத்திரம், ஓம் என்ற ஜெர்மானியர் 1827-இல் வெளியிட்டது. ஒன்றில் வகுத்தல், மற்றதில் பெருக்கல். அவ்வளவுதான்.

முதல் படி: பேட்டரியில் பழகுங்கள்

எடுத்த எடுப்பில் வீட்டுக் கரண்டில் கை வைக்க வேண்டாம். ஒரு 12 வோல்ட் பைக் பேட்டரி, 10 வாட் இண்டிகேட்டர் பல்பு, வோல்ட், ஆம்ப்ஸ், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

பல்பை எரியவிட்டு, அதன் இரண்டு முனைகளிலும் மீட்டர் முள்களை வைத்தால் வோல்ட் தெரியும். எனக்கு 12.2 வந்தது. ஆம்ப்ஸ் பார்க்க, ஒரு வயரைக் கழற்றி அந்த இடைவெளியில் மீட்டரைச் சேர்க்க வேண்டும். கரண்ட் மீட்டருக்குள் புகுந்து வர வேண்டும். சிவப்பு வயரை '10 ஏ' என்று போட்டிருக்கும் துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வந்தது 0.84.

12.2 ÷ 0.84 = 14.5 ஓம்
12.2 × 0.84 = 10.2 வாட்

முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். நான் மறந்து, அப்படியே பேட்டரியில் வோல்ட் பார்க்கப் போனேன். 'டப்'பென்று ஒரு பொறி, மீட்டரின் ஃபியூஸ் காலி. அந்தத் துளையில் வயர் இருக்கும்போது மீட்டர் என்பது வெறும் கம்பி மாதிரிதான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பல்பை அணைத்து, ஆறியதும் ஓம் வரம்பில் அளந்தால் 14.5 வராது, ஒன்றரை ஓம் போலத்தான் காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. பல்பின் டங்ஸ்டன் இழை சூடாக ஆக அதன் தடை பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் எரியும்போது வோல்டையும் ஆம்ப்ஸையும் அளந்து வகுக்கச் சொல்கிறேன். ஹீட்டர் ராடுக்குள் இருப்பது நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த) கம்பி. சூட்டில் அதன் தடை அவ்வளவாக மாறாது. இது இப்போது நமக்கு உதவும்.

இரண்டாம் படி: ராடை அளப்பது

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. வோல்ட், ஆம்ப்ஸ் இரண்டும் திரையிலேயே தெரியும், எந்த வயரையும் தொட வேண்டாம். ராடு தண்ணீரில் இறங்கிய பிறகே ஸ்விட்ச். சூடு பார்க்கக் கை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், இதில் விளையாட்டே கூடாது.

சேலத்தில் 228 வோல்ட், 4.28 ஆம்ப்ஸ். தடை 53.3 ஓம், திறன் 976 வாட்.

ஏற்காட்டில், சாயங்காலம் ஏழு மணிக்கு, 184 வோல்ட், 3.45 ஆம்ப்ஸ். தடை அதே 53.3 ஓம். திறன்? 184 × 3.45 = 635 வாட்.

தடை மாறவில்லை என்றால் ராடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வோல்டேஜ்தான் படுத்துக்கொண்டது. இங்கே கவனிக்க வேண்டிய இடம்: வோல்ட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் வாட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வோல்ட் குறைந்தால் கூடவே ஆம்ப்ஸும் குறைகிறது. குறைந்த இரண்டையும் பெருக்கினால் அடி இரண்டு முறை விழுகிறது.

மூன்றாம் படி: நேரக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 15 லிட்டர் வாளி, மலைத் தண்ணீர் 18 டிகிரி, நமக்கு வேண்டியது 45 டிகிரி என்று வையுங்கள்.

15 × 4,200 × 27 = 17,01,000 ஜூல்

இதை 976-ஆல் வகுத்தால் 29 நிமிடம், 635-ஆல் வகுத்தால் 45 நிமிடம். சேலத்தில் தண்ணீர் 25 டிகிரியில் இருந்ததால் இருபத்தொரு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆக மலைக் குளிர் தின்றது எட்டு நிமிடம், மீதிப் பதினாறும் வோல்டேஜ் தின்றது.

"அப்போ கரண்ட் பில்லு கூடுமா?" என்று அக்கா கேட்டார். கூடாது. இரண்டிலும் வாளிக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவுதான். காத்திருக்கும் நேரத்தில் வாளி ஆறுவது மட்டும் லேசான நஷ்டம்.

1500 வாட் ராடு வாங்கலாமே என்று தோன்றும். 1500 ÷ 230 = 6.5 ஆம்ப்ஸ். சின்ன சாக்கெட் தாங்குவது 6 ஆம்ப்ஸ். பெரிய 16 ஆம்ப்ஸ் சாக்கெட் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கை அப்படியே சேலம் அம்மாப்பேட்டைத் தறி மோட்டாருக்குப் போடாதீர்கள். மோட்டாரில் வோல்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி, பவர் ஃபேக்டராலும் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்று காட்டும், ஒன்றுக்குக் குறைவான எண்) பெருக்கினால்தான் வாட். போதாததற்கு, வோல்டேஜ் குறைந்தால் ஓடும் மோட்டார் பெரும்பாலும் கூடுதல் ஆம்ப்ஸ் இழுத்துச் சூடாகும், ராடுக்கு நேர் எதிர்.

கிளம்பும் முன் பரணில் கிடந்த பழைய ராடை இறக்கி, பிளக்கின் இரண்டு சின்னப் பின்களுக்கு நடுவே ஓம் பார்த்தேன். 52. அக்கா இப்போது மதியம் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போதே அதில் தண்ணீர் காய வைத்து, மூடி போட்டு வைக்கிறார். புது ராடு அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போய்விட்டது.