ஸ்டார்ட்டர் திணறுகிறதா? பேட்டரி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை இழுத்து ஓய்ந்த மெஸ்ஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் ஒன்று கைக்கு வந்தால், பெயிண்ட் வேலை அப்புறம். முதலில் முன்னாள் சொந்தக்காரர்கள் வயரிங்கில் செய்த ஒட்டுவேலையைக் கழற்ற வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது எர்த், அதாவது பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்போடு சேர்க்கும் இணைப்பு.

கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டாப் கம்பியை (டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் கம்பி) இழுத்து வைத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (கிளாம்பில் அல்ல) மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் வெற்று இரும்பிலும் வையுங்கள். ஒருவர் 3 விநாடி ஸ்டார்ட்டரை ஓட்டட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. 200 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும்; பாவம், புது பேட்டரி என்ன செய்யும்? எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் ஸ்டாப் கம்பி வழியாகக்கூடத் திரும்பும். உறை உருகிய கம்பி அதற்கு அடையாளம்.

எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், கவனம். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் இரும்பு பளிச்சிடும் வரை சுரண்டி, லக் (போல்ட் மாட்டும் துளையுள்ள உலோக முனை) அழுத்திய 50 சதுர மில்லிமீட்டர் கேபிளை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். நம் ஊர் மழைக்கு அது அவசியம்.

ஃபியூஸ் இடத்தில் சிகரெட் வெள்ளித்தாள் இருந்தால் உடனே பிடுங்குங்கள். 12 வோல்ட்டில் 45 வாட் விளக்கு இரண்டும் இழுப்பது 7.5 ஆம்பியர்; 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.