கை குலுக்கச் சொன்னால் தீராது: பள்ளிச் சீண்டலில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தலைமையாசிரியர் அறையில் நிற்கிறான். பக்கத்தில், அவனை மாதக்கணக்கில் படுத்தி எடுக்கும் இன்னொருவன். விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "ரெண்டு பேரும் சாரி சொல்லிக் கை குலுக்குங்க. இனிமே ஃபிரெண்ட்ஸா இருக்கணும், சரியா?" இருவரும் தலையாட்டுகிறார்கள். எச்.எம். அடுத்த ஃபைலை எடுக்கிறார். மாடிப்படி திரும்பும் இடத்தில், சற்று முன் சாரி சொன்னவன் மற்றவன் காதோரம் குனிந்து, "சாயங்காலம் வேன்ல வெச்சுக்கறேன்" என்கிறான்.

நம் ஊரில் எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. எச்.எம். கெட்டவர் இல்லை, பிரச்சினையை முடித்துவைத்ததாகவே நினைக்கிறார். அவர் அதைச் சண்டை என்று எடுத்துக்கொண்டார், அங்கேதான் சறுக்கல்.

பேனாவுக்காகவோ, ரன் அவுட்டா இல்லையா என்பதற்காகவோ இரண்டு பேர் அடித்துக்கொண்டால் இருவரும் ஏறக்குறைய சமம். மறுநாள் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள். அங்கே சமரசம் பேசலாம். தொடர் சீண்டலில் எப்போதும் ஒருவன் கைதான் ஓங்கியிருக்கும். உடல் பலம், கூட்டாளிகள், அப்பாவின் செல்வாக்கு, சாதி, பணம், மார்க் என்று ஏதோ ஒன்று அவனுக்குத் துணை நிற்கும்.

பள்ளிச் சீண்டலைப் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ். 1982-இல் அந்த நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமை காரணமாக இருக்கலாம் என்று தெரியவந்ததும் நாடே ஆடிப்போனது. அடுத்த ஆண்டே அரசு நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பள்ளிகளுக்கான ஓல்வேயஸின் திட்டம் அப்போது உருவானதுதான். அவர் வைத்த அளவுகோல்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது. இந்த மூன்றாவதைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம். "ரெண்டு கை தட்டினாத்தான் சத்தம் வரும்" என்று சொல்லி, அடி வாங்கியவனையும் சாரி சொல்ல வைக்கிறோம். அவன் எதற்குச் சாரி சொல்ல வேண்டும்?

அதனால் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பதை முதலில் கைவிட வேண்டும். பாதிக்கப்பட்டவனிடம் தனியாகப் பேசுங்கள், மற்றவர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே கூப்பிடுங்கள். கூட்டமாகக் கூப்பிட்டால் வரும் வழியிலேயே எல்லாரும் ஒரே கதையைப் பேசி வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

புகார் கொடுத்த அன்றைக்கு

பெரியவர்களுக்குப் புகார் வந்த நேரம் வேலை பாதி முடிந்த நேரம். பிள்ளைக்கோ ஆபத்து கூடும் நேரம் அது. விஷயம் காதுக்கு வந்ததும் ஆசிரியர் நேராக வகுப்புக்குப் போய், "யாருடா இவன வம்புக்கு இழுக்கறது? எந்திரி!" என்று சத்தம் போட்டால், அடுத்த பீரியடுக்குள் அவனுக்குப் 'போட்டுக்கொடுத்தவன்' என்ற பெயர் வந்துவிடும். அந்தப் பெயரை ஒருமுறை வாங்கிய பிள்ளை மறுபடி வாயைத் திறக்காது. அதைப் பார்த்த மற்ற நாற்பது பேரும் திறக்க மாட்டார்கள்.

இதன் கொடூரமான எல்லையைத் தமிழ்நாடு 2023-இல் பார்த்தது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர், உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். பள்ளியிலிருந்து காரணம் கேட்டார்கள்; நடந்ததைச் சொன்னார்; புகாரும் ஆனது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு அவர் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் தப்பவில்லை. இருவரும் உயிர் பிழைத்தார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை, பெரிய பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று பல பரிந்துரைகள் அதில் இருந்தன. கயிற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. புகார் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைப் பற்றி அந்த அளவு பேச்சு எழவில்லை என்பது என் வருத்தம்.

எல்லாப் புகாரும் அரிவாளில் முடியாதுதான். ஆனால் புகார் கொடுத்தால் பதிலடி வரும் என்ற கணக்கைப் பிள்ளைகள் எப்போதும் போட்டுப் பார்க்கிறார்கள். நாமும் போட வேண்டும். "இனிமே ஏதாவது பண்ணினா வந்து சொல்லு" என்று அனுப்பிவிடுவது பொறுப்பைக் குழந்தையின் தலையிலேயே திருப்பிக் கட்டுவது. அதற்குப் பதில் அன்று மாலையே யார் அவனை வேன் வரைக்கும் கூட்டிப்போவது, இன்டர்வெலில் எந்த ஆசிரியர் அந்த மாடியில் நிற்பது என்று முடிவாக வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, அப்புறம் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, பிள்ளை தேடி வரக் காத்திருக்காமல் ஆசிரியரே கூப்பிட்டு "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும், யாரும் இல்லாத இடத்தில்.

"கண்டுக்காத, விட்டுடு"

வீட்டில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டுதான். அம்மா "கண்டுக்காத" என்பார், அப்பா "நீயும் ரெண்டு போடு" என்பார். முதலாவதை அவன் ஏற்கெனவே முயன்று பார்த்திருப்பான். வீட்டில் சொல்ல வந்ததே அது பலிக்காததால்தான். இரண்டாவது இன்னும் மோசம். திருப்பி அடிக்கும் பலம் இருந்தால் அவனை ஏன் தேர்ந்தெடுத்திருக்கப் போகிறார்கள்? அதோடு, இத்தனை நாள் யார் கண்ணுக்கும் படாத சீண்டலுக்குப் பிறகு அவன் விடும் ஒரே ஒரு அடி மட்டும் ஆசிரியர் கண்ணில் பட்டு, சஸ்பெண்ட் ஆவது அவனாகத்தான் இருக்கும்.

"ஆம்பளப் பையன் அழலாமா" என்பதையும் "நீ என்ன பண்ணின, உன்ன மட்டும் ஏன் பண்றாங்க?" என்பதையும் இதே கணக்கில் சேர்க்கலாம். பிள்ளை சொல்லும்போது முதலில் முழுதாகக் கேளுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு, நாம சேர்ந்து பாத்துக்கலாம்" என்பது போதும். அவனுக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட வேண்டாம். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவனிடம் முதலில் சொல்லுங்கள்.

பல பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். அப்போது பையைப் பார்க்க வேண்டும். கிழிந்த நோட்டு, அடிக்கடி காணாமல் போகும் ஜியாமெட்ரி பாக்ஸ், கொடுத்த காசுக்கு மேல் கேட்பது, திங்கட்கிழமை காலையில் தவறாமல் வரும் வயிற்றுவலி ஆகியவற்றைப் பலர் கவனிக்கிறார்கள். பலர் விட்டுவிடுவது தண்ணீர் பாட்டில். காலையில் நிரப்பிக் கொடுத்தது மாலையில் அப்படியே திரும்பி வந்தால், பிள்ளை பள்ளிக் கழிப்பறைக்குப் போக விரும்பாமல் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கழிப்பறை அசுத்தமாக இருப்பதும் காரணமாகலாம். அங்கே யாரோ காத்திருப்பதும் காரணமாகலாம்.

பள்ளிகள் சிசிடிவி மாட்டுவது வகுப்பறையிலும் வாசலிலும். சீண்டல் நடப்பதோ கழிப்பறை வாசல், மாடிப்படி, சைக்கிள் ஸ்டாண்டு, வேனின் கடைசி சீட்டு, சத்துணவு வரிசையின் வால் ஆகிய இடங்களில். இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் குரூப்பில். "ஸ்கூல் டைம்ல நடக்கல, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று சில பள்ளிகள் கையை விரிப்பது சரியான சாக்கு அல்ல. குரூப்பில் போட்ட ஸ்டிக்கருக்குச் சிரிப்பு அடுத்த நாள் காலை வகுப்பில்தான் கேட்கிறது.

ஆசிரியரின் வாயிலிருந்து

ஒரு வகுப்பில் யாரைக் கேலி செய்யலாம் என்பதைப் பிள்ளைகள் பல நேரம் ஆசிரியரைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். வருகைப் பதிவின்போது "என்ன குண்டூஸ், வந்துட்டியா?" என்று ஒரே ஒரு தடவை சிரித்தபடி கேட்டால் போதும், அந்தப் பெயர் பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். நிறம், திக்குவாய், சோடாபுட்டிக் கண்ணாடி, பெண்மை சாயலுள்ள நடை, அப்பாவின் தொழில் எல்லாம் இப்படித்தான் லைசென்ஸ் பெறுகின்றன. பேப்பர் கொடுக்கும்போது குறைந்த மார்க்கைச் சத்தமாக வாசிப்பது, உதவித்தொகைக்காக "எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்க" என்பது இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, பிள்ளையை மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பல ஆசிரியர் அறைகளில் முதல் பாதிதான் தெரியும்.

கிளாஸ் லீடர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஆசிரியர் இல்லாதபோது பேசுபவர் பெயரைப் போர்டில் எழுதும் அதிகாரத்தை ஒரே பையனிடம் வருடம் முழுக்கக் கொடுத்தால், தன் பெயரை அழிக்கச் சிலர் சிற்றுண்டி கொடுக்க ஆரம்பிப்பார்கள். வாரம் ஒருவர் என்று மாற்றினால் இந்தத் தொல்லையே இருக்காது.

சுற்றி நின்றவர்கள்

சீண்டுபவன், சீண்டப்படுபவன் இரண்டு பேரோடு விசாரணையை முடித்துக்கொள்வதும் தவறுதான். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவள்ளி குழுவினர் உருவாக்கிய 'கிவா' திட்டம் கவனிப்பது மற்றவர்களைத்தான். கூடச் சேர்ந்து கைகொடுப்பவர்கள், சிரித்து உசுப்பேற்றுபவர்கள், ஒதுங்கிப் போகிறவர்கள், தடுக்கிறவர்கள் என்று வகுப்பு முழுவதுக்கும் இதில் பங்கு உண்டு. சிரிப்பு நின்றால் சீண்டுபவனுக்கு அதில் கிடைக்கும் மவுசும் போய்விடும். கனடாவில் பள்ளி மைதானங்களை வீடியோ எடுத்து ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. சக மாணவர் யாராவது தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகள் பத்து வினாடிக்குள் சீண்டல் நின்றுபோயிருக்கிறது. ஆனால் தலையிட்டவர்கள் குறைவு.

இதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ஹீரோ ஆக்க வேண்டியதில்லை. சிரிக்காமல் இருப்பது, "வாடா, சாப்பிடப் போலாம்" என்று அவனை அங்கிருந்து கூட்டிப்போவது, ஆசிரியரிடம் தனியாகச் சொல்வது ஆகியவற்றை வகுப்பில் நடித்துக்காட்டிப் பழக்கலாம். வருடத்துக்கு ஒருநாள் நடக்கும் விழிப்புணர்வு ஓவியப் போட்டியை விட இதற்குப் பலன் அதிகம். (அந்தப் போட்டியில் முதல் பரிசு யாருக்குப் போகிறது என்று சில பள்ளிகளில் கேட்காமல் இருப்பது நல்லது.)

"எங்க பையனா? சான்ஸே இல்ல"

உங்கள் பிள்ளைமேல் புகார் வந்தால் வக்கீல் ஆகிவிடாதீர்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து பெல்ட்டை எடுப்பதும் வேண்டாம். பலசாலி அடிப்பான், பலமில்லாதவன் வாங்கிக்கொள்வான் என்ற அதே பாடம்தான் அவனுக்கு மறுபடி கிடைக்கும். பள்ளியும் டிசியைக் கிழித்துக் கொடுத்துக் கைகழுவினால், அவன் இன்னொரு பள்ளியில் இன்னொருவனைப் பார்த்துக்கொள்வான். அவன் செய்ததை அவன் வாயாலேயே சொல்ல வைப்பது, கிழித்த நோட்டை உட்கார்ந்து எழுதித் தரச் செய்வது, சில வாரங்கள் இன்டர்வெலைக் கண்காணிப்பில் கழிக்க வைப்பது, பெற்றோரும் ஆசிரியரும் குறித்த தேதியில் மறுபடி சந்திப்பது என்று தண்டனையும் திருத்தமும் சேர்ந்தே போக வேண்டும். வீட்டில் அவன் யாரிடம் அடி வாங்குகிறான் என்பதையும் யாராவது விசாரிக்க வேண்டும்.

பேச்சோடு நிறுத்துவது

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இது. வாசலில் ஆசிரியரைப் பிடித்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று பள்ளி சொல்லும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

ஒரு பக்கத்துக்கு எழுதினால் போதும். எந்தத் தேதி, எந்த இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்பது மட்டும். "ரவுடிப் பசங்க" போன்ற வசவுகள் வேண்டாம். காயம் இருந்தால் போட்டோ, குரூப்பில் போட்டது என்றால் ஸ்கிரீன்ஷாட். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். கடைசிப் பத்தியில், நாளை முதல் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி கேளுங்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால், தடுப்புக் குழு அமைக்கும்படி வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. குழுவில் யார் யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைக்கலாம். பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியும் இருக்கிறது, அதை யார் எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டுவையுங்கள்.

பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களுக்குப் பேசலாம். 1098-க்குப் பிள்ளையே நேரடியாகப் பேசலாம், இலவசம். அடி, காயம், மிரட்டல் என்று போனால் காவல் நிலையம். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ சட்டப்படி பள்ளி அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "ஸ்கூல் பேரு கெட்டுடும், நாமளே பேசி முடிச்சிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அப்படிச் சொன்னவர் பெயரையும் தேதியையும் அந்தப் பிரதியின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.